கம்பெனிக்கு எதற்குக் காவல் படை?

ஹோண்டுராஸ் நாடு 2013-இல் ஒரு சட்டம் இயற்றியது. முதலீட்டாளர்களுக்கென ஒதுக்கப்படும் சிறப்பு மண்டலங்கள் தமக்கென்று தனி நீதிமன்றமும் போலீசும் வைத்துக்கொள்ளலாம் என்றது அது. ரோவாத்தான் தீவில் ‘ப்ராஸ்பெரா’ என்ற தனியார் நகரம் அப்படித்தான் முளைத்தது. 2022-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2024-இல் உச்ச நீதிமன்றமும் அது அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்றது. இதனால் தமக்கு நஷ்டம் என்று நகரத்தின் முதலீட்டாளர்கள் கோரும் தொகை ஏறத்தாழ 1,070 கோடி டாலர். விட்டுக்கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்க இவ்வளவு விலை!

ஒரு நாட்டையே கம்பெனி ஆள்வதும் அதன் போலீஸ் கம்பெனியிடம் சம்பளம் வாங்குவதும் வெறும் கதையல்ல. பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கா கம்பெனிக்கு 1889-இல் விக்டோரியா அரசி சாசனம் கொடுத்தார். இன்றைய ஜிம்பாப்வே அதன் ஆளுகைக்குப் போனது. 1893-இல் அங்கு வாழ்ந்த இந்தபெலே மக்கள்மீது கம்பெனி போர் தொடுத்தபோது, சேர்ந்த தொண்டர்களுக்கு ஆளுக்கு 6,000 ஏக்கர் நிலமும் கொள்ளையடிக்கும் மாடுகளில் பங்கும் தருவதாக எழுதியே கொடுத்தது. அடுத்தது இன்னும் துணிச்சல். 1895 டிசம்பர் இறுதியில் கம்பெனியின் நிர்வாகி ஜேம்சன், காவலர்களைத் திரட்டிக்கொண்டு பக்கத்து நாடான டிரான்ஸ்வால்மீதே படையெடுத்தார். அங்கே தங்கம் இருந்தது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சில நாட்களில் மொத்தப் படையும் சரணடைந்தது. ஊரில் போலீஸ் இல்லாத நேரம் பார்த்து, மாட்டையும் நிலத்தையும் பறிகொடுத்திருந்த இந்தபெலே மக்கள் 1896 மார்ச்சில் கிளர்ந்தெழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் கம்பெனிப் போலீஸின் கடிவாளத்தை லண்டன் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. ஜேம்சனுக்கு 15 மாதச் சிறைத் தண்டனை. உடல்நலத்தைக் காட்டிச் சீக்கிரமே வெளியே வந்தவர், 1904-இல் கேப் காலனியின் பிரதமரானார்.

அரசு போலீஸ் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. சாத்தான்குளம் காவல் நிலைய மரணங்கள் நமக்கு மறக்கவில்லை. ஆனால் 2020-இல் அங்கே உயர் நீதிமன்றத்தால் தானாக முன்வந்து வழக்கை எடுக்க முடிந்தது, மாஜிஸ்திரேட்டால் காவல் நிலையத்துக்குள் நுழைந்து விசாரிக்க முடிந்தது. முழு நீதி இல்லைதான். கேள்வி கேட்கவாவது ஒரு வாசல் இருந்தது. நீதிமன்றமும் காவலரும் ஒரே கம்பெனியின் ஏற்பாடாக இருக்கும் இடத்தில், அடிபட்டவர் எந்த வாசலில் போய் நிற்பார்?

திறமை, சிக்கனம், கணினிமயம் என்று தனியார் காவல் ஒப்பந்தக்காரர்கள் அடுக்குவதை நாம் மறுக்கவில்லை. வங்கி வாசலுக்கும் கிடங்குக்கும் தனியார் காவலாளி போதும். ஒருவரைக் கைது செய்யும் அதிகாரம் வேறு ரகம். அதைக் குத்தகைக்கு விட எந்த அரசுக்கும் உரிமையில்லை. முதலீட்டாளர்களைக் கூப்பிடும் நாடுகள் வரிச்சலுகை தரட்டும், நிலம் தரட்டும். லத்தியும் விலங்கும் அந்தப் பட்டியலில் இடம்பெறக் கூடாது.