புது ரைடு ரகசியமும் பழைய ரைடு ரகசியமும்

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ஹைவேயில் போகிற எங்க ஏரியா மக்களுக்கு ஒரு வியாதி உண்டு. பழஞ்சூர் கிட்ட குயின்ஸ்லேண்ட் வந்ததும் கழுத்து தானா திரும்பும். புதுசா தூண் ஏதாவது எழும்பியிருக்கா, பெயின்ட் மாறியிருக்கா, போன தடவை நின்னுக்கிட்டிருந்த ராட்டினம் இன்னும் நிக்குதா? அடுத்த நாள் அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் ஆளுக்கொரு ஆரூடம். "ரோலர் கோஸ்டர் வருதாம் மச்சி." "போடா, அது தண்ணி டேங்க்குடா."

பொட்டி தட்டுற கூட்டத்துக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. நானும் இந்த ஆரூட கோஷ்டியில் ஒருத்தன்தான். அதனால் இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் நெருக்கமானது: தீம் பார்க்காரங்க புது ரைடைப் பொத்திப் பொத்தி வைக்கிறது சரியா? அதை நாம நோண்டி நோண்டிக் கண்டுபிடிக்கிறது சரியா?

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டும் சரிதான். தப்பு வேற ஒரு இடத்துல இருக்கு.

ரகசியத்துக்குப் பின்னாடி எப்பவும் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கும். இந்தத் தொழிலின் பெரிய ரகசியமே நிலம் வாங்கினதுதான். 1960-களில் வால்ட் டிஸ்னி ஃப்ளோரிடாவில் 27,000 ஏக்கருக்கு மேல வாங்கினார். ஒரு இடத்திலும் அவர் பேர் கிடையாது. எல்லாம் வேற வேற பேரில் ஆரம்பிச்ச டம்மி கம்பெனிகள். (பினாமிங்கிறது நம்ம ஊர் கண்டுபிடிப்புன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஹி ஹி.) வாங்குறது யார்னு ஊரெல்லாம் கிசுகிசு. கடைசியில் 1965 அக்டோபரில் ஆர்லாண்டோ பத்திரிகையின் பெண் நிருபர் ஒருத்தர் 'டிஸ்னிதான்' என்று கணிச்சு எழுதிட்டாங்க. நிலத்தின் விலை எகிறிடுச்சு. டிஸ்னி ஏன் வாயைத் திறக்கலைன்னு இப்ப புரியுதா? அது நியாயமான காரணம்.

இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் இதை ஒரு விளையாட்டாவே மாத்தியிருக்காங்க. அவங்களோட பெரிய ரைடுகளுக்குக் கட்டுமானத்தின்போது பேர் கிடையாது, 'சீக்ரெட் வெப்பன்' என்று நம்பர்தான். 1994-ல் வந்த நெமிசிஸ் மூணாவது ரகசிய ஆயுதம், 2013-ல் வந்த ஸ்மைலர் ஏழாவது. அந்த ஊரில் கட்டடம் கட்டணும்னா உள்ளாட்சிக்கு விண்ணப்பம் போடணும், அந்த விண்ணப்பத்தை யார் வேணா படிக்கலாம். ரசிகர்கள் வரைபடத்தை எடுத்து வெச்சுக்கிட்டு உயரம் எவ்வளவு, பள்ளம் எவ்வளவு, எத்தனை சுத்து என்று கணக்குப் போடுவாங்க. பார்க்காரங்களும் கண்ணைக் காட்டிட்டு வாயை மூடிக்குவாங்க. ரெண்டு பக்கமும் குஷி.

நம்ம ஊருக்கு வருவோம். வொண்டர்லா சென்னைக்கு வருது வருதுன்னு வருஷக்கணக்கா பேச்சு. உள்ளாட்சி கேளிக்கை வரிச் சிக்கலில் நடுவுல பல வருஷம் அப்படியே கிடந்தது. ஒருவழியா 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்தாங்க. (அம்பத்தூர்லேர்ந்து அங்கே போய்ச் சேர்றதே ஒரு ரைடுதான், அது தனிப் பதிவா எழுத வேண்டிய சோகம்.) இதுல சுவாரஸ்யம் என்னன்னா, அவங்க 2014-லேயே பங்குச் சந்தைக்கு வந்த கம்பெனி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு காட்டணும். எங்கே எவ்வளவு பணம் போடறோம்னு முதலீட்டாளர்களுக்குச் சொல்லணும். இரும்புத் திரை போட்டு மூட முடியாது. சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மபிலார்ட் செய்த ரோலர் கோஸ்டர் ஒண்ணு சென்னைக்கு வருதுன்னு கேட் திறக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு. அதுதான் 'தஞ்சோரா'. தண்டவாளம் தலைக்கு மேல இருக்கும், நம்ம கால் அந்தரத்துல தொங்கும். அந்த நெமிசிஸும் இதே கம்பெனி, இதே ரகம்.

முன்னாடியே தெரிஞ்சதால் த்ரில் குறைஞ்சிடுமா? குறையாது. காகிதத்தில் படிச்ச உயரம் வேற, பெல்ட் மாட்டி மேலே ஏறும்போது வயித்துக்குள்ள நடக்கிற சமாச்சாரம் வேற. படத்தோட கதை தெரிஞ்சா சஸ்பென்ஸ் போயிடும். ரைடுல சஸ்பென்ஸ் உடம்புக்குத்தான், மூளைக்கு இல்லை. அதனால ஆரூடக்காரங்க தங்கள் வியாபாரத்தைக் கெடுக்கிறதா எந்தப் பார்க்காரராவது அழுதா நான் நம்ப மாட்டேன். நாங்க பண்றது காசு வாங்காத விளம்பரம் சார்!

நிற்க. இதுவரைக்கும் ஜாலி. இனிமே கொஞ்சம் சீரியஸ்.

நம்ம சென்னைப் பக்கத்துப் பார்க்குகளைப் பத்தி நமக்கு என்னென்ன தெரியும், எப்படித் தெரியும்னு ஒரு பட்டியல் போட்டுப் பாருங்க. 2012-ல் செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. பார்க்கில் ஆக்டோபஸ் ராட்டினத்திலிருந்து விழுந்து விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்துபோனார். 2016 மே மாதம் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவில் ஒரு புது ரைடை ஊழியர்களையே உட்கார வெச்சு ஓட்டிப் பார்த்தாங்க. அது சரிஞ்சு விழுந்ததில் ஓர் ஊழியர் இறந்தார், பலருக்குக் காயம். 2019 ஜூனில் குயின்ஸ்லேண்டில் மேலேர்ந்து கீழே இறங்கும் ரைடின் கேபிள் அறுந்தது. 2025 மே மாதம் ஈ.சி.ஆர். வி.ஜி.பி.யில் சுமார் 30 பேர் அந்தரத்தில் மணிக்கணக்காத் தொங்கி, தீயணைப்புத் துறை வந்து இறக்கினாங்க.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிஞ்சுது? நியூஸ்லயும் செல்போன் வீடியோவிலும்தான். அதுக்கு முந்தின நாள் அந்த மெஷினை யார் பரிசோதிச்சாங்க, எப்போ, என்ன எழுதிக் கொடுத்தாங்க? டிக்கெட் வாங்க வரிசையில் நிக்கிறவர் கண்ணுக்கு அதெல்லாம் தெரியுமா?

இங்கேதான் என் சண்டை. புது ரைடின் பேரு, தீம், திறக்கிற தேதி இதையெல்லாம் மறைங்க, சந்தோஷம். ஆனா ஓடிக்கிட்டிருக்கிற ரைடின் ஜாதகத்தை மறைக்காதீங்க. எங்க பாஷையில் சொல்லணும்னா, வரப்போற ஃபீச்சரை ரிலீஸ் வரைக்கும் வெளியே சொல்லாம இருக்கலாம், அது மார்க்கெட்டிங். தெரிஞ்ச பக்கை மறைச்சு ரிலீஸ் பண்ணா அது அயோக்கியத்தனம். சாஃப்ட்வேர்ல பக் வந்தா கஸ்டமர் திட்டுவார், ஞாயித்துக்கிழமை ஆபீஸ் போகணும். இங்கே குழந்தையை மடியில் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க.

ஸ்மைலர் கதையோட ரெண்டாம் பாதியைச் சொல்லாம விட்டேனே. 14 தலைகீழ் சுத்து, உலக சாதனை என்று பெருமையா வந்த அந்த ரகசிய ஆயுதம், 2015 ஜூன் 2-ஆம் தேதி 16 பேரோடு போய், பாதையில் நின்னுக்கிட்டிருந்த காலி வண்டி மேல மோதிச்சு. இரண்டு இளம்பெண்களுக்குக் கால் போச்சு. காரணம் என்ன? முன்னாடி வண்டி நிக்குதுன்னு கம்ப்யூட்டர் சரியாத்தான் நிறுத்தி வெச்சிருந்தது. அது தப்பா சொல்லுதுன்னு நினைச்சு, ஆளுங்க கையால் அதைத் தாண்டி ஓட விட்டுட்டாங்க. 'அலாரம்தானே, இக்னோர் பண்ணு' என்று சொல்லிப் பழகின ஒவ்வொரு இன்ஜினியரும் ரெண்டு தடவை படிக்க வேண்டிய வழக்கு அது. 2016-ல் கோர்ட் 50 லட்சம் பவுண்ட் அபராதம் போட்டது. அதைவிட முக்கியம், வழக்கு நடந்ததால் எது எப்படித் தப்பாச்சுன்னு உலகத்துக்கே தெரிஞ்சுது. அடுத்த பார்க்காரன் கத்துக்கலாம். இங்கே நாலு நாள் பார்க்கை மூடி, அப்புறம் திறந்து, 'எல்லாம் சரியாயிடுச்சு' என்றால், என்ன சரியாச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?

இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்கிற காரியமான்னு கேட்பீங்க. நம்ம பூந்தமல்லியிலேயே நடந்திருக்கே! 2025 மார்ச் 20-ஆம் தேதி பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரைக்கும் ஆளில்லா மெட்ரோ ரயிலை ஓட்டிப் பார்த்தாங்க. பகிரங்கமா, தேதி சொல்லி, பேப்பர்காரங்களை வெச்சுக்கிட்டு. மெட்ரோ ரயிலில் பயணிகள் ஏறணும்னா முதல்ல மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்துக் கையெழுத்து போடணும் என்பது நம்ம தெருவில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில், தலைநிமிர்ந்து ஓடுற ரயிலுக்கு இவ்வளவு. தலைகீழாச் சுத்துற வண்டிக்கு?

எதிர்வாதமும் இருக்கு, மறுக்கலை. பழைய வீடியோவை எடுத்து 'இன்னிக்கு நடந்தது' என்று வாட்ஸப்பில் சுத்த விடறவங்க இருக்காங்க. எங்கேயோ வெளிநாட்டில் நடந்ததை நம்ம ஊர் பார்க் தலையில் கட்டறவங்களும் உண்டு. பார்க்காரங்க பயப்படறதில் நியாயம் இருக்கு. ஆனா வதந்திக்கு மருந்து மௌனம் இல்லை. கேட்டதும் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் இருந்தா வதந்தி அங்கேயே படுத்துடும். அந்தக் காகிதம் இல்லாத இடத்தில்தான் டீக்கடை ஆரூடம் ஆட்சி பண்ணும்.

நான் கேட்கிறது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு ரைடு வாசலிலும் ஒரு போர்டு. யார் தயாரிச்சது, எந்த வருஷம், புதுசா இல்லை வேற பார்க்கில் ஓடினதா, கடைசியா எப்போ பரிசோதனை, யார் செஞ்சாங்க. டிக்கெட் கவுன்ட்டர்ல இன்னொரு போர்டு. இன்னிக்கு எது ஓடாது, ஏன். ஒரு பார்க்கில் முழுக் காசையும் வாங்கிக்கிட்டு உள்ளே விட்டப்புறம் நாலு ரைடுல 'மெயின்டனன்ஸ்' என்று கயிறு கட்டியிருந்ததைப் பார்த்து என் தங்கச்சி பையன் அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கலை. ஆனா ஒண்ணு, அந்தக் கயிறு கட்டினவரை நான் திட்ட மாட்டேன். ஓடக் கூடாததை நிறுத்தி வெச்சார். அதைக் கவுன்ட்டர்லயே சொல்லாதவங்க மேலதான் கோபம்.

மதிலுக்குப் பின்னாடி என்ன வருதுன்னு நாங்களே கண்டுபிடிச்சுக்கறோம், அந்த சந்தோஷத்தை எங்களுக்கே விட்டுடுங்க. ஏற்கெனவே சுத்திக்கிட்டிருக்கிறதைப் பத்தி மட்டும் நீங்களே வாயைத் திறந்து சொல்லிடுங்க. அதை ஆரூடம் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது.

டிஸ்கி: ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லிப் பக்கம் புது பார்க் வருதுன்னு யாருக்காவது தகவல் கிடைச்சா பின்னூட்டத்தில் கொட்டிட்டுப் போங்க. ஆதாரம் எல்லாம் கேட்க மாட்டேன். :-)