வைன் இல்லாவிட்டால் விருந்து குறைந்துவிடுமா?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதியில் ஈடுபட்டுள்ள நம் குடும்பங்கள் சிலவற்றில் அண்மைக் காலமாக ஒரு வழக்கம் நுழைந்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து பையர் வருகிறார். ஓட்டலுக்கு அழைத்துச் செல்வதைவிட வீட்டில் விருந்து வைத்தால் நெருக்கம் கூடும் என்று முடிவாகிறது. இல்லத்தரசி இரண்டு நாள் முயன்று, கொத்திய கோழிக்கறியை மாவுக்குள் வைத்து ஓவனில் ‘பை’ சுடுகிறார். (துணிக்கடைப் பை அன்று, மேலைநாட்டார் விரும்பி உண்ணும் பண்டம்.) இதுவரை யாருக்கும் மறுப்பில்லை. பிறகுதான் அந்தக் கேள்வி எழுகிறது: மேசையில் ஒரு வைன் பாட்டில் வேண்டாமா?

“நாங்கள் தொடப்போவதில்லை ஹஜ்ரத், அவருக்கு மட்டும்தான்” என்று நம்மிடமே சொல்வோர் உண்டு. மதரஸாவில் பாடம் நடத்தும் நாம் இதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு வர இயலாது.

முதலில் பையைப் பற்றிச் சொல்லிவிடுவோம். அதைச் சுடுவதே அந்நியரைப் பின்பற்றுவது என்று முகம் சுளிப்போரும் நம்மில் இருக்கின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. நம் பிரியாணியும் சமோசாவும் மதீனாவிலிருந்தா வந்தன? இறைச்சி முறைப்படி அறுக்கப்பட்டதாக இருந்தால், சேர்மானங்கள் தூய்மையானவையாக இருந்தால், தாராளமாகச் சுடலாம். ஆனால் சமையல் குறிப்பில் ‘ஒரு கோப்பை வைன்’ என்றிருந்தால், ‘சூட்டில் ஆவியாகிவிடும்’ என்று சமாதானம் சொல்ல வேண்டாம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, சேர்த்துக் கிளறி அரை மணி நேரம் வேகவைத்த பின்னும் ஆல்கஹாலில் ஏறத்தாழ 35 விழுக்காடு எஞ்சுகிறது. இரண்டரை மணி நேரம் ஆனாலும் முற்றாக நீங்குவதில்லை.

இனி பாட்டிலுக்கு வருவோம். விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புபவர் தம் விருந்தினரைக் கண்ணியப்படுத்தட்டும் என்ற கருத்துடைய நபிமொழி புகாரியில் இருக்கிறது. திருமண அழைப்பு முதல் மேடைப் பேச்சு வரை அதை எடுத்துக்காட்டுகிறோம். அதே நிபந்தனையோடு தொடங்கும் இன்னொரு நபிமொழி திர்மிதீயில் இருக்கிறது. அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புபவர், மது பரிமாறப்படும் உணவு விரிப்பில் அமர வேண்டாம் என்பது அதன் கருத்து. முதலாவதை மனப்பாடம் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தது எப்படி? அமர்வதே கூடாது என்னும்போது, விரிப்பை விரித்து, பாட்டிலை வாங்கி, ஊற்றியும் கொடுப்பவரின் நிலை என்ன? மதுவின் பொருட்டுச் சபிக்கப்பட்ட பத்துப் பேரில் குடிப்பவர் ஒருவர் மட்டுமே. வாங்குபவர், சுமந்து வருபவர், ஊற்றிக் கொடுப்பவர் ஆகியோரும் அப்பட்டியலில் இருக்கின்றனர். ‘நாங்கள் குடிக்கவில்லை’ என்பது ஒருவரைத்தான் அதிலிருந்து நீக்கும்.

மது தடுக்கப்பட்ட செய்தி மதீனாவுக்கு எட்டிய வேளையை எண்ணிப் பாருங்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் விருந்தினர் அமர்ந்திருந்தனர். இளைஞரான அனஸ் (ரலி) ஊற்றிக்கொண்டிருந்தார். வெளியே அறிவிப்பாளரின் குரல் கேட்டது. ‘வந்தவர்கள் குடித்து முடிக்கட்டும்’ என்று அவ்வீட்டார் சொல்லவில்லை. அனைத்தையும் கொட்டிவிடுமாறு அபூதல்ஹா பணித்தார். மதீனாவின் தெருக்களில் அது ஓடியது. அநாதைகளுக்கு வாரிசாக வந்த மதுவைக் காடியாக மாற்றியேனும் காப்பாற்றலாமா என்று அவரே பிறகு நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, கூடாது என்றே விடை வந்தது. அநாதையின் சொத்தைக் காக்கவே அனுமதி கிடைக்கவில்லை என்றால், ஓர் ஆர்டரைக் காக்க எங்கிருந்து கிடைக்கும்?

ஆர்டர் போய்விடும் என்ற அச்சத்தையும் சற்று உரசிப் பார்க்கலாம். இவ்வூர்த் தொழிலுக்கு 1920களில் வித்திட்டோர் வரிசையில் குலாம் காதர் என்னும் முஸ்லிமின் பெயரும் நிற்கிறது. 1970களின் இறுதியில் இத்தாலியிலிருந்து ஆள் தேடி வந்தது வெள்ளை டி-ஷர்ட்டுகளுக்காக. இன்றும் ஆர்டர் எதனால் கைநழுவுகிறது? சாம்பிள் பிசகினால், சாயத்தின் நிறம் மாறினால், துணியின் ஜிஎஸ்எம் குறைந்தால், ஷிப்மென்ட் தாமதித்தால், வங்கதேசத்தில் விலை மலிந்தால். இறைச்சி தொடாத தொழிலதிபர்களும் இதே ஊரில் பையர்களை வீட்டுக்கு அழைக்கின்றனர். காய்கறி உணவையே படைக்கின்றனர். அதை அவர்களின் நெறி என்று மதித்து உண்டு செல்லும் பையர், நம் வீட்டில் மட்டும் ஏன் முகம் சுளிக்கப் போகிறார்? சுளிப்பார் என்று கருதுவது நம் கூச்சம். அவர்மீது அந்தப் பழியைப் போட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு டாஸ்மாக் வாசலில் நிற்கும் தொழிலாளியை ஜும்ஆ மேடைகளில் பெயர் சொல்லாத குறையாகக் கண்டிக்கிறோம். அதே மது, வெளிநாட்டு லேபிளோடும் நீண்ட காம்புடைய கண்ணாடிக் கோப்பையோடும் பள்ளிவாசலுக்கு நன்கொடை தருபவரின் மேசைக்கு வந்தால் ‘நாகரிகம்’ என்று வாய்மூடுகிறோம். டெய்லருக்கு ஒரு மார்க்கம், எக்ஸ்போர்ட்டருக்கு ஒரு மார்க்கம் என்று எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது? அந்த மேசையருகே நம்மிடம் ஓதும் பிள்ளைகள் நிற்கின்றனர். காலையில் பாடத்தில் ‘ஹராம்’ என்று கேட்ட பொருளை, அன்றிரவே அத்தா தம் கையால் ஊற்றுவதை அவர்கள் பார்க்கின்றனர்.

‘ஆல்கஹால் நீக்கிய வைன்’ என்று விற்கப்படுவதை மாற்றாகக் கொள்ளலாமா என்றும் கேட்கின்றனர். புளித்து வைனாகிவிட்ட சாற்றிலிருந்து ஆல்கஹாலைப் பிரித்தெடுப்பதே அதன் செய்முறை. அரை விழுக்காடு வரை எஞ்சியிருக்கும் வகைகளும் உண்டு. அதே பாட்டில், அதே கோப்பை, அதே பாவனை. நாம் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இப்ராஹீம் (அலை) அவர்கள் முன்பின் அறியாத விருந்தினருக்காகச் சத்தமின்றி வீட்டினுள் சென்று, கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டுவந்து அருகில் வைத்தார்கள். தம் வீட்டில் இருந்த சிறந்ததை வைத்தார்கள். நம் வீட்டில் சூடான பை இருக்கிறது, மட்டன் பிரியாணி இருக்கிறது. மாதுளைச் சாறோ நன்னாரி சர்பத்தோ ஜில்லென்று வைக்கலாம். அழைக்கும்போதே மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: எங்கள் வீட்டில் மது பரிமாறுவதில்லை, உணவில் தாங்கள் தவிர்ப்பவை எவையெனத் தெரிவித்தால் அதற்கேற்பச் சமைப்போம்.