கொல்லன் கைக்கு ஒரு வேலை

சென்ற போயா தினத்தன்று, பழைய நாணயம், பாக்குவெட்டி, எழுத்தாணி, குத்துவிளக்கு முதலியவற்றைத் தேடிச் சேர்ப்பதில் என்னைப் போலவே ஆனந்தம் காணும் நண்பர்கள் ஐவர், வெள்ளவத்தையில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தனர். எனக்கு எழுபது வயது நிறைந்ததை முன்னிட்டு, தமக்குள் பணம் சேர்த்துச் செய்வித்த பொருள் ஒன்றைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தனர். அவர்களுள் மூத்தவர் அதை என் கையில் தரவில்லை. "கத்தியைக் கைக்குக் கை குடுக்கக் கூடாது, சேர். மேசையில வைக்கிறன், நீங்களே எடுங்கோ" என்றார். கத்தி உறவை அறுத்துவிடும் என்ற அச்சம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. மேல்நாட்டாரிலும் பலர், கத்தியைப் பரிசாகப் பெற்றால் ஒரு சிறு நாணயத்தைக் கொடுத்து, விலைக்கு வாங்கியதாகவே பாவித்துக்கொள்வர். நானும் இரண்டு ரூபாய்க் குற்றி ஒன்றை மேசையில் வைத்துவிட்டே துணியை அவிழ்த்தேன்.

உள்ளே இருந்தது ஒரு மடக்கெழுத்தாணி. பிடியின் ஒரு தலையில் ஓலை வாருவதற்கான கத்தியும், மறுதலையில் எழுதுவதற்கான கூரிய ஊசியும் அமைந்து, இரண்டும் மடங்கிப் பிடிக்குள்ளேயே அடங்கிவிடும் இக்கருவியை, நம் முன்னோர் மடியில் செருகிக்கொண்டு ஊரூராகச் சென்றனர். யாழ்ப்பாணத்தார் வில்லுக்கத்தி என்று வழங்கும் மடக்குக்கத்தியும் புலவனுடைய எழுதுகோலும் ஒரே உடலில் குடியிருப்பதைப் போன்றது அது. நண்பர்கள் தந்ததற்குப் பிடி எருமைக்கொம்பு. இரு ஓரங்களிலும் மெல்லிய வெள்ளித் தகடு. அத்தகட்டில் என் பெயர். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால், ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே எழுதிப் பழகினர்; அந்த மரபு பிசகாமல், என் பெயரின் ஈற்றெழுத்தும் புள்ளியின்றியே பொறிக்கப்பட்டிருந்தது. அத்தனை சிரத்தையோடு ஒருவர் என் பெயரை எழுதுவித்திருக்கிறார் என்று உணர்ந்த கணத்தில் என் கண்கள் கலங்கின.

ஆயினும் இங்கு நான் சொல்ல விழைவது என் சந்தோஷத்தைப் பற்றியன்று; அதைச் செய்தவரைப் பற்றியே. கொட்டாஞ்சேனையில் கேற்றும் கிறிலும் செய்து ஜீவனம் நடத்தும் ஒரு கொல்லரிடம், பழைய இரும்புக் கடையில் நிறைக்கு வாங்கிய உடைந்த மடக்கெழுத்தாணி ஒன்றைக் கொடுத்து, இதைப்போல் ஒன்று செய்ய முடியுமா என்று நண்பர்கள் கேட்டிருக்கின்றனர். அவருடைய பாட்டனார் பாளைக்கத்தியும் சத்தகமும் அடித்தவர். அவரோ ஆயுளில் எழுத்தாணி செய்ததில்லை. மூன்று வாரம் அந்த உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டு முறை செய்து மனம் ஒப்பாமல் எறிந்துவிட்டு, மூன்றாம் முறை செய்ததே என்னிடம் வந்தது. கத்தியைத் திறக்கும்போது எழும் ‘டக்’ என்ற ஒலியில் அந்த மூன்று வார உழைப்பும் கேட்கிறது.

இக்கருவி வழக்கொழிந்ததற்கு எவரையும் குறைகூற வேண்டியதில்லை. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவியதும், சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடித் தேடி அச்சிலேற்றியதும் தமிழுக்குப் பெரும் பேறு. அப்பேற்றின் விலையாக எழுத்தாணி ஓய்வுபெற்றது. பின்னர் வந்த யுத்தகாலத்தில், சோதனைச் சாவடிகளைக் கடந்தே நாளும் பொழுதும் நடமாட வேண்டியிருந்த கொழும்புத் தமிழர், பென்சில் சீவும் கத்தியைக்கூட வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படப் பழகினர். இவ்வாறு உபயோகமும் போய், உடன் வைத்திருக்கும் தைரியமும் போனபின், கத்தி செய்யும் நுண்கையும் போகாமல் என் செய்யும்?

கொழும்பிலே பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில், கண்டி அரசரின் பட்டறைகளையும் அவற்றின் கைவினைஞரையும் விஸ்தாரமாக வருணித்திருக்கிறார். அங்கே உருவான ‘பிஹா கெட்ட’ என்னும் கத்தி, வெள்ளிக் கொடிவேலையும் தந்தப் பிடியும் கொண்டது. அதன் உறையிலும் எழுத்தாணிக்கு ஓர் இடம் உண்டு. அரசன் தன் அதிகாரிகளுக்கு மரியாதையாக வழங்கிய அக்கத்திகளை இன்று உலகத்து நூதனசாலைகளிலே கண்ணாடிக்குப் பின்னால் காண்கிறோம். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபோது கைவினைஞரின் கை மரத்துப்போகவில்லை. அவர்களிடம் வேலை சொல்வதற்கு ஆள் இல்லாமற்போயிற்று. கலை அழிவது கலைஞன் குறைவதால் அன்று, கேட்பவன் குறைவதால்.

சேகரிப்போராகிய நம் கடமை இங்கேதான் தொடங்குகிறது. பழையதைத் தேடி வாங்கி அலுமாரியில் அடுக்குவது புண்ணியமே. ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் பணம் தரகருக்குப் போகிறதேயன்றி, உலைக்களத்துக்குப் போவதில்லை. வருஷத்துக்கு ஒரு முறையாவது, ஒரு நண்பரின் அறுபதாம் கல்யாணத்துக்கோ, ஒரு குழந்தையின் ஏடு தொடக்கலுக்கோ, நாம் அறிந்த ஒரு கொல்லரிடமோ பத்தரிடமோ தச்சரிடமோ சென்று, நமது மரபில் உள்ள ஒரு பொருளைப் புதிதாகச் செய்து தருமாறு கேட்போம். பேரம் பேசாது அவர் சொல்லும் கூலியைக் கொடுப்போம். தவறிப்போன முதல் இரண்டுக்கும் சேர்த்தே கொடுப்போம். ஏனெனில் அவர் கை கற்றுக்கொண்டது அவற்றிலேதான்.

என் எழுத்தாணியில் ஒரு குறை உண்டு. வாங்கியவன் பெயர் அதில் இருக்கிறது. செய்தவர் பெயர் இல்லை. வருகிற விஜயதசமியில் என் பேரனுக்கு ஏடு தொடக்குவதற்காக அதே கொல்லரிடம் இன்னொன்றுக்கு முற்பணம் கொடுத்திருக்கிறேன். அதில் முதலில் அவருடைய பெயரைப் பொறிக்கும்படி கேட்டிருக்கிறேன்.