புது கெர்னல் வந்தாச்சு... வைஃபை எங்கே போச்சு?

ராத்திரி 11 மணி. காலேஜ் விண்ணப்பத்துக்கு மறுநாள்தான் கடைசி. லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ், 'அப்டேட் இருக்கு' என்கிறது. ஓகே கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் திரை வருகிறது, பாட்டு கேட்கிறது, வைஃபை மட்டும் மாயம்! ரவுட்டரைப் பிடுங்கி மாட்டியும் பலனில்லை. பக்கத்திலிருக்கும் போனிலோ அதே வைஃபை ஜோராக ஓடுகிறது.

லேப்டாப் பழுதாகவில்லை, பயப்பட வேண்டாம். மாறியது கெர்னல். கம்ப்யூட்டரின் பாகங்களுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் நடுவே நின்று வேலை வாங்கும் மேஸ்திரி அது. ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ல், 21 வயதில் எழுதத் தொடங்கியது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். செட்டிங்ஸில் 'அபௌட் போன்' பக்கத்தில் தேடினால் அதன் எண் தெரியும்.

வைஃபை, சவுண்ட், கேமரா போன்றவற்றை இயக்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 'மாட்யூல்' எனும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். தேவைப்படும்போது கெர்னல் அவற்றை எடுத்து மாட்டிக்கொள்ளும். ஆனால், 5.15 கெர்னலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை 6.8-க்குச் சேராது. கெர்னலே வேண்டாம் என்று தள்ளிவிடும்.

கெர்னலோடு சேர்ந்து வரும் மாட்யூல்கள் அப்டேட்டில் தானாகவே மாறிவிடும். வெளியிலிருந்து தனியாகச் சேர்த்தவைதான் வம்பு. பிராட்காமின் சில பழைய வைஃபை சிப்கள் இந்த ரகம். இவற்றைப் புதுக் கெர்னலுக்கு ஏற்ப மறுபடி தைத்துத் தரும் தையல்காரரின் பெயர் டிகேஎம்எஸ். டெல் நிறுவனத்துப் பொறியாளர்கள் உருவாக்கியது. அவருக்கும் அளவு நோட்டு வேண்டுமே... அதுதான் 'ஹெட்டர்ஸ்' பேக்கேஜ். புதுக் கெர்னலுக்கான ஹெட்டர்ஸ் இல்லையென்றால் தையல் நடக்காது. அப்டேட் மட்டும் முடிந்துவிடும். நமக்கு விஷயம் தெரிவது ரீஸ்டார்ட்டுக்குப் பிறகுதான்.

சரி, விண்ணப்பம்? புதுக் கெர்னல் வந்தவுடன் பழையதை உபுண்டு தூக்கிப் போட்டுவிடாது. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, கம்பெனி லோகோ வரும்போது எஸ்கேப் கீயைத் தட்டுங்கள் (பழைய மாடல்களில் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடிக்க வேண்டும்). வரும் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், குறைந்த எண் உள்ள கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் வைஃபை திரும்பிவிடும். முதலில் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். ரிப்பேரை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய கெர்னலை எல்லாம் அழித்துவிட்டவர்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்து நெட் எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை பெரிதல்ல. புதுக் கெர்னல் எண்ணுக்கான ஹெட்டர்ஸை நிறுவினாலே டிகேஎம்எஸ் வேலையைத் தொடங்கிவிடும். அப்போதும் வைஃபை வரவில்லையா? செக்யூர் பூட் ஆனில் இருந்தால், கையெழுத்து இல்லாத மாட்யூலை அது உள்ளே விடாது. அதையும் பார்த்துவிடுங்கள்.

சில நேரம் அந்த டிரைவரே புதுக் கெர்னலுக்கு ஒத்துவராத அளவுக்குப் பழசாக இருக்கும். அப்போது அடம்பிடிக்காமல் பழைய வரிசையிலேயே இருந்துவிடுவது மேல். உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களுக்கு, 5.15 வரிசைக்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2027 வரை உண்டு.