பொலிஷுக்குள் மறையும் கீறல்

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனத்துக்கு வந்த கிராக்கியோடு, விற்பதற்கு முதல் நாள் பொலிஷ் போடும் பழக்கமும் எம்மவரிடையே பரவிவிட்டது. பொலிஷ் போடுவது குற்றமல்ல. எந்தப் பொலிஷ் என்பதே கேள்வி.

வன்னியின் கிரவல் வீதிப் புழுதியைக் காய்ந்த துணியால் துடைத்தால், வெயிலில் சிலந்தி வலைபோல் வட்டக் கீறல்கள் தெரியும். அவை பெயின்டின் மேலுள்ள கிளியர் கோட்டில் விழுந்தவை. அதன் தடிப்பு பெரும்பாலும் 40, 50 மைக்ரோன்தான். தலைமயிரை விட மெல்லியது. கொம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் உண்மையாகவே போகும், கோட்டும் சற்றுக் குறையும். அடிக்கடி செய்ய இயலாது. நகம் தடக்கும் கீறல் இதற்கு மசியாது. பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.

இன்னொரு வகை, மெழுகும் எண்ணெயும் கலந்த பூச்சு. கீறலை நிரப்பி மறைக்கும். சில தடவை கழுவியதும் பழைய கோலம் திரும்பிவிடும். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காண மேலே வைக்காதது ஏன் என வியாபாரியைக் கேட்டார்கள். இந்தப் பூச்சு அந்த உலர்ந்த மேல்தானியம் அல்லாமல் வேறென்ன? கீறலைக் காட்டி விற்றால் விலை சற்றுக் குறையும், குறையட்டும்.

வாங்குவோர் மாலை மங்கலில் வாகனம் பார்க்க வேண்டாம். ஷாம்பு போட்டுக் கழுவச் சொல்லி, வெயிலில் நிறுத்திப் பாருங்கள். கழுவ மறுப்பவரிடம் விலை பேசவே வேண்டாம்.