மூணு கோடி போதுமாம்!

போன ஞாயிறு ஒயிட்ஃபீல்டில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஐ.டி., வயது 43. "சார், நீங்க பேங்க்ல இருக்கீங்க, சொல்லுங்க. 45ல பேப்பர் போட்டுடலாம்னு இருக்கேன். மாசம் ஒரு லட்சம் செலவு. வருஷச் செலவுல 25 மடங்கு, மூணு கோடி சேர்ந்தா போதும்தானே?" பாயசம் வரும் நேரத்தில் சண்டை எதற்கென்று சிரித்து வைத்தேன். இங்கே சொல்லிவிடுகிறேன். போதாது சார்.

இந்த 25 மடங்கு நம்ம ஊர்க் கணக்கே இல்லை. 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் அந்த நாட்டுப் பங்குச்சந்தை, கடன்பத்திரம், விலைவாசியை வைத்துப் போட்டது. அதுவும் 30 வருஷ ஓய்வுக்கு. 45-ல் வீட்டில் உட்காருகிறவர் 75-க்கு மேல் இருக்கவே கூடாதா?

இப்போது என் பி.காம். கணக்கு. மூணு கோடியை எஃப்.டி.யில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வட்டி 21 லட்சம். வரி போகக் கையில் நிற்பது 6 சதவீதம் சொச்சம். விலைவாசியும் 6 ஏறினால் பணம் வளரவே இல்லை என்று அர்த்தம். 25 மடங்கு 25 வருஷத்தில் காலி. அப்போது உங்களுக்கு வயது 70.

பெங்களூருக்கு 6 என்பதே தாராள மனசு. 2022-க்கு அப்புறம் இங்கே வாடகை ஏறிய வேகம் வாடகை வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். 2024 மார்ச்சில் தண்ணீர் லாரிக்கு மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயிக்க வேண்டி வந்தது. 2025 பிப்ரவரியில் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 90.

"வட்டி இப்படியே இருக்கும்" என்பவர்களுக்கு எங்கள் வங்கிக் கதை. 2000-01-ல் அரசு வங்கிகளில் வி.ஆர்.எஸ். கொடுத்தார்கள். 40 வயது அல்லது 15 வருஷ சர்வீஸ் போதும். சுமார் ஒரு லட்சம் பேர் போனார்கள். அன்றைக்கு நீண்டகால டெபாசிட்டுக்கு 10 சதவீதம் வரை வட்டி. 2004-க்குள் அது ஐந்தரைக்கு வந்துவிட்டது. பென்ஷன் இருந்தவர் தப்பினார். டெபாசிட்டை மட்டும் நம்பியவருக்கு வருமானம் கிட்டத்தட்ட பாதி. அதே 2004-ல் 9 சதவீதத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் வந்தது. அதற்கு வயது 60, வி.ஆர்.எஸ்.காரருக்கு 55. 45-ல் போனவர் வெளியே நின்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எஃப்.டி. புதுப்பிக்க வந்த அப்படி ஒருவர் ரசீதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். "நானே ஆயிரம் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கேன் தம்பி, எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். பிறகு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போனதாகக் கேள்வி. வட்டி தெரிந்த மனிதருக்கே இந்தக் கதி.

"நான் பங்குல போடுவேன் சார்" என்பீர்கள். போடுங்கள். ஆனால் 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் 2009 மார்ச்சில் எட்டாயிரத்துச் சொச்சம். சம்பளக்காரன் காத்திருந்தான். வாடகைக்காக விற்க வேண்டியவன் என்ன செய்வான்?

விலகவே கூடாது என்று சொல்லவில்லை. 90 வயது வரை என்றால் 25 அல்ல, 45 மடங்கு. அது முடியாதென்றால் முதலில் ஊரை விடுங்கள், பிறகு வேலையை. கோவை, கும்பகோணம் எங்காவது ஒரு வருஷம் குடியிருந்து நிஜச் செலவை எழுதிப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. இந்த மூணு கோடிக் கணக்கை வீட்டம்மாவிடம் காட்டினீர்களா? 70-ல் கஜானா காலியாகும்போது உங்களோடு உட்காரப் போவது அவர்தான்.