பதினேழாம் இடம் யார் குற்றம்?

‘பதினேழாம் இடத்தில் கரையேறிய மேலாளரை அன்றிரவே வீட்டுக்கு அனுப்ப வேண்டும், வைத்திருந்தால் மறு ஆண்டும் அதே கதிதான்’ என்று எழுதுகிறார் நண்பர். இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்தில் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பும் கடைசி இடம் அது. அதற்கு அவர் காட்டும் சாட்சி எவர்டனின் மேலாளராக இருந்த ஷான் டைச். அந்தச் சாட்சியே அவருடைய வாதத்தைக் கவிழ்க்கிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் பாதிச் சோற்றை வடித்தவர் வேறொருவர் என்பதை நண்பர் மறைத்துவிட்டார். 2023 ஜனவரி 30 அன்று டைச் பொறுப்பேற்றபோது, எவர்டன் 20 ஆட்டங்களில் எடுத்திருந்தது 15 புள்ளி. வீரர் ஆந்தனி கார்டனை நியூகாசிலுக்கு விற்றிருந்தார்கள். அந்த மாதம் ஒரு வீரரைக்கூட வாங்கவில்லை. அந்த அணியை வைத்துக்கொண்டு மீதி 18 ஆட்டங்களில் 21 புள்ளி எடுத்தார் டைச்.

கடைசி நாள் மே 28. எவர்டனின் அன்றைய சொந்த மைதானமான குடிசன் பார்க்கில் எதிரணி போர்ன்மவுத். எவர்டனின் முன்கள வீரர் கால்வெர்ட்-லூயின் காயத்தால் களத்தில் இல்லை. 57-ஆம் நிமிடம், பெட்டிக்கு வெளியே துள்ளி வந்த பந்தை டூகுரே நிறுத்தக்கூட இல்லை, வந்த வேகத்திலேயே வலைக்குள் அடித்தார். முந்தைய மேலாளர் லாம்பார்டின் கடைசி நாட்களில் ஓரங்கட்டப்பட்டிருந்த வீரர் அவர். மீண்டும் களமிறக்கியவர் டைச். பிறகு பத்து நிமிடக் கூடுதல் நேரம், அதில் கோல்காப்பாளர் பிக்ஃபோர்ட் பாய்ந்து தடுத்த ஒரு பந்து. நண்பர் இதை ‘அதிர்ஷ்டம்’ என்கிறார். அந்த 90 நிமிடத்தைப் பார்த்தவர் யாரும் அந்தச் சொல்லை எழுதமாட்டார்.

‘லாம்பார்டும் 2022-இல் தப்பினார், எட்டே மாதத்தில் போனார்’ என்கிறார். அந்தக் கோடையில் முன்கள வீரர் ரிச்சர்லிசனை டாட்டன்ஹாமுக்கு விற்றது யார்? நிர்வாகம். அதைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

‘அதே கதி’ என்ற ஆரூடம் என்ன ஆயிற்று? 2023-24-இல் டைச்சின் அணி களத்தில் வென்றெடுத்தது 48 புள்ளி. லிவர்பூலை 2-0 என வீழ்த்தியது. குடிசனில் அந்த வெற்றிக்கு 2010 முதல் காத்திருந்தார்கள். நிதி விதிமீறலுக்காக 8 புள்ளி பறிபோனதால்தான் அட்டவணையில் 40 நின்றது. கணக்கில் ஓட்டை போட்டவர் டைச் அல்ல.

இன்னொன்றும் உண்டு. மேலாளர் நூனோவின் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 2024-இல் 32 புள்ளியுடன் அதே பதினேழாம் இடத்தில்தான் தப்பியது. அப்போது அவரை அனுப்பவில்லை. மறு ஆண்டு 65 புள்ளி, ஏழாம் இடம், ஐரோப்பியப் போட்டிக்கான நுழைவு.